எக்ஸ்கவேட்டர் பூம் தூக்கும்போது எஸ்பிஎன் 102, எஸ்பிஎன் 100 கோளாறு கோட் இரண்டும் சேர்ந்து வருகிறது: சென்சாரா, ஈசியுவா?

பிறை மெக்கானிக்:
வணக்கம். பினாங்கில் பாலிக் பூலாவ் பக்கம் மலைச்சரிவு வெட்டும் வேலையில் எங்கள் 20 டன் எக்ஸ்கவேட்டர் படுத்துகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடும். எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, பக்கெட் நிறைய மண்ணோடு பூமை, அதாவது மெஷினின் பெரிய கையை, தூக்கும் நேரம் பார்த்து அலாரம் அடிக்கும், எஞ்சின் இழுவை சட்டென்று குறைந்துவிடும். சாவியை ஆஃப் செய்து மறுபடி போட்டால் சரியாகிவிடும். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கதை.

மானிட்டரில் வரும் கோளாறு கோட் எஸ்பிஎன் 102 எஃப்எம்ஐ 4, எஸ்பிஎன் 100 எஃப்எம்ஐ 4. முதலாவது டர்போ பூஸ்ட் பிரஷர் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்), அடுத்தது எஞ்சின் ஆயில் பிரஷர். ஆயில் அளவு சரி. மெக்கானிக்கல் கேஜ் போட்டும் பார்த்தேன், பிரஷர் நன்றாகவே இருக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, இரண்டு சென்சாரையும் மாற்று, அதற்கும் அடங்காவிட்டால் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்கிறார்கள். முதலாளி ஆர்டர் போடச் சொல்கிறார். ஈசியு விலையைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. காசைக் கொட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்? கையில் மல்டிமீட்டர் இருக்கிறது. லேப்டாப் ஸ்கேனர் இல்லை.

சுங்கை பட்டாணி லோரி:
பேட்டரி டெர்மினலைக் கழற்றி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். எங்கள் லோரியில் ஒரு தடவை அப்படித்தான் கோட் போனது.

நிபோங் திபால் ஹைட்ராலிக்:
தம்பி, தயவுசெய்து இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். கோட் அழிந்தால் தடயமும் அழிந்துவிடும். அதுதான் இப்போது நம் கையில் உள்ள ஒரே சாட்சி.

எஃப்எம்ஐ என்ற கடைசி எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும். எஸ்பிஎன் எந்த சர்க்யூட் என்று சொல்லும், எஃப்எம்ஐ அந்த சர்க்யூட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லும். 3 என்றால் வோல்டேஜ் அளவுக்கு மேல். 4 என்றால் அளவுக்குக் கீழ், அதாவது எங்கோ வயர் பாடியில் இடிக்கிறது அல்லது சப்ளையே வரவில்லை. 5 என்றால் கரண்ட் குறைவு, பெரும்பாலும் வயர் அறுந்தது. உங்களுக்கு இரண்டுமே 4. ஆயில் பிரஷர் உண்மையிலேயே இறங்கியிருந்தால் எஃப்எம்ஐ 1 வந்திருக்கும். 4 வந்தால் அது மின்சாரச் சண்டை, ஆயில் பம்ப்பை நோக வேண்டாம்.

இரண்டு சென்சார் ஒரே நொடியில் சாவது அபூர்வம். அவை இரண்டுக்கும் பொதுவானது என்ன என்று தேடுங்கள். மானிட்டரில் பழைய கோட் பட்டியல் இருக்கும், அதைத் திறந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கையோடு வேண்டும். பேட்டரி வோல்டேஜும் சொல்லுங்கள்.

பிறை மெக்கானிக்:
நன்றி அண்ணே. பேட்டரி நிற்கும்போது 25.3, எஞ்சின் ஓடும்போது 27.9 வோல்ட். பழைய பட்டியலில் 102, 100 இரண்டும் உண்டு. கூடவே எஸ்பிஎன் 3509 எஃப்எம்ஐ 4 இருக்கிறது, எண்ணிக்கையில் அதுதான் அதிகம். கூலண்ட் சென்சாருக்கு, அதாவது 110க்கு, எதுவும் இல்லை. காமன் ரயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாய்) பிரஷர் 157க்கும் இல்லை.

நிபோங் திபால் ஹைட்ராலிக்:
அப்படியென்றால் விஷயம் பாதி முடிந்தது. 3509 என்பது ஈசியு சென்சார்களுக்கு அனுப்பும் முதல் 5 வோல்ட் சப்ளை. பூஸ்ட், ஆயில் பிரஷர் இரண்டும் மூன்று வயர் சென்சார்: 5 வோல்ட், எர்த், சிக்னல். சிக்னல் வழக்கமாக 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் ஓடும். 5 வோல்ட் விழுந்தால் சிக்னலும் கூடவே விழும், இரண்டு கோட்டும் ஜோடியாக வரும். கூலண்ட் சென்சார் இரண்டே வயர், இந்த 5 வோல்ட் லைனை அது தொடுவதில்லை, அதனால் தப்பித்தது. ரயில் பிரஷர் பல எஞ்சின்களில் தனி லைனில் இருக்கும். அது 3509லேயே இருந்திருந்தால் 157ம் சேர்ந்து வந்திருக்கும். உங்கள் மெஷினின் வயரிங் படத்தில் எது எந்த லைன் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பார்க்க வேண்டியது. மெஷினை மட்டமான இடத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் வைத்து, லாக் லீவரைப் போட்டு, எஞ்சினை ஆஃப் செய்யுங்கள். சாவி மட்டும் ஆன். பூஸ்ட் சென்சார் பிளக்கின் பின்பக்கமாக மெல்லிய புரோபை விட்டு 5 வோல்ட் வயரை அளந்து பாருங்கள். 4.75க்கும் 5.25க்கும் நடுவில் நிற்க வேண்டும். வயரின் தோலைக் குத்தி அளக்காதீர்கள். நம் பக்கம் உப்புக் காற்று, போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி ஆறே மாதத்தில் செம்பு பச்சையாகிவிடும். டெஸ்ட் லேம்ப்பும் கூடாது. அந்த பல்ப் இழுக்கும் கரண்டை 5 வோல்ட் லைன் தாங்காது.

மீட்டரில் மின்-மேக்ஸ் (மிகக் குறைந்த, மிக அதிக அளவைப் பிடித்து வைக்கும் வசதி) இருந்தால் மின்னில், அதாவது குறைந்த அளவில், போட்டுவிட்டு, ஹார்னஸை (வயர் கட்டை) ஒரு சாண் ஒரு சாணாகக் கையால் ஆட்டிக்கொண்டே போங்கள். எங்கே ஆட்டும்போது வோல்டேஜ் விழுகிறதோ அங்கே நிறுத்துங்கள். விழுந்தே கிடந்தால் அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பாவிட்டால் வயர்தான். அப்போது மட்டும் சாவியை ஆஃப் செய்து, ஈசியு முழுக்க அணையும் வரை கொஞ்சம் காத்திருந்து, மெயின் சுவிட்சையும் ஆஃப் செய்து ஈசியு பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு அந்த வயருக்கும் பாடிக்கும் நடுவில் ஓம் பாருங்கள். எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஈசியு பேச்சு.

கெப்போங் வயரிங்:
கேன் லைனையும் (கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசும் வயர் ஜோடி) ஒரு கை பார்க்கலாமே? பவர் ஆஃபில் கேன் ஹை, கேன் லோ நடுவே 60 ஓம் வர வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கத்து டெர்மினேட்டர் ரெசிஸ்டர் இல்லை.

நிபோங் திபால் ஹைட்ராலிக்:
அளவு சரிதான் சார், ஆனால் கேன் பிரச்சினை என்றால் இந்த மாதிரி எஃப்எம்ஐ 4 மட்டும் வராது. கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்ற கோட்கள் கும்பலாக வரும். இங்கே ஈசியு நன்றாகப் பேசுகிறது, எங்கே வலிக்கிறது என்றுகூடச் சொல்லிவிட்டது.

பிறை மெக்கானிக்:
கிடைத்துவிட்டது அண்ணே! 5.01 வோல்ட்டில் அசையாமல் நின்றது. ஈசியு பக்கத்திலிருந்து ஆட்டிக்கொண்டே வந்தேன். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே வந்ததும் மீட்டரின் மின் அளவு 0.3 வோல்ட்டுக்கு விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஹார்னஸைப் பிடிக்கும் கிளிப்பே அங்கு இல்லை. முன்பு யாரோ ஸ்டார்ட்டர் மாற்றியபோது திருப்பிப் போடவில்லை போலிருக்கிறது. ஹார்னஸ் தொங்கி, இரும்பு பிராக்கெட்டின் விளிம்பில் உரசியிருக்கிறது. மேல் குழாய் கிழிந்து, உள்ளே ஒரு வயரின் தோல் நெல்மணி நீளத்துக்கு வழித்தெடுத்த மாதிரி போய், செம்பு பளபளவென்று தெரிகிறது. பிராக்கெட்டிலும் பெயிண்ட் போய்ச் சின்னதாகக் கரிப்புள்ளி. ஆனால் பூம் தூக்கும்போது மட்டும் ஏன்?

நிபோங் திபால் ஹைட்ராலிக்:
பூமுக்கும் அந்த வயருக்கும் நேரடி உறவு இல்லை. நிறைந்த பக்கெட்டைத் தூக்கும்போது பம்ப் எஞ்சினை முழு பலத்தோடு இழுக்கிறது, எஞ்சின் தன் ரப்பர் மவுண்டில் முறுக்கிச் சாய்கிறது. அந்தச் சாய்வுதான் வயரை பிராக்கெட்டில் அழுத்தியிருக்கும். சூட்டில் குழாயும் தோலும் இளகுவதால் காலையில் தொல்லை இல்லை. பூஸ்ட் சிக்னல் போனதும் ஈசியு பாதுகாப்புக்காக டீசலைக் குறைக்கிறது, அதனால் இழுவை போகிறது. மவுண்ட் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வயரை வெறும் டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். அடிபட்ட துண்டை வெட்டிவிட்டு, அதே தடிமன் வயரை வைத்து, நல்ல கிரிம்ப் ஸ்லீவ் போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க்கால் மூடுங்கள். சால்டர் வயரை விறைக்க வைக்கும், அது முடியும் இடத்தில் அதிர்வில் வயர் முறியும், எஞ்சின் மேல் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிறகு புதுக் குழாய், ரப்பர் வைத்த கிளிப். கிளிப் இல்லாமல் முடித்தால் இதே இடத்துக்கு மறுபடி வருவீர்கள்.

பிறை மெக்கானிக்:
செய்துவிட்டேன். மவுண்ட் நன்றாக இருக்கிறது. முழுப் பக்கெட்டோடு மதியம் வரை வெட்டினார்கள், 5 வோல்ட் லைன் அசையவில்லை, கோட் எதுவும் வரவில்லை. இப்போது பழைய கோட்களை அழிக்கலாமா?

நிபோங் திபால் ஹைட்ராலிக்:
எழுதி வைத்துக்கொண்டு அழியுங்கள். இன்னொன்று: ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த பேட்டரி கேபிளும் அதே பிராக்கெட் பக்கமாகத்தானே வரும்? அதையும் அந்தக் கிளிப்தான் பிடித்திருக்கும். பல மெஷின்களில் அந்த கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது. அது பாடியில் உரசினால் கோட் வராது தம்பி, தீதான் வரும். இன்றே பாருங்கள்.

பிறை மெக்கானிக்:
பார்த்தேன். தோலில் பாதி ஆழத்துக்குத் தழும்பு, செம்பு இன்னும் தெரியவில்லை. மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டேன். கேபிள் மாற்றும் வரை மெஷின் ஓடாது என்று முதலாளியிடம் சொன்னேன். சென்சார் ஆர்டரை நிறுத்திவிட்டு கேபிளுக்குச் சொல்லிவிட்டார்.