ஐரோப்பிய சூப்பர் கோப்பை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்களேன்

கால்பந்தில், ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த அணியும் யூரோப்பா லீக் ஜெயித்த அணியும் ஆகஸ்டில் ஒரே ஒரு ஆட்டம் மோதும். கோப்பை வைத்து நடத்தும் பயிற்சி ஆட்டம் என்று என் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். பெரிய இறுதியாட்டங்கள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் இது வருகிறது, எனக்கு அது போதும். 1998 முதல் 2012 வரை மொனாக்கோவைத் தாண்டவே இல்லை. 2013-ல் செக் நாட்டின் பிராகாவுக்குப் போனதிலிருந்து வருஷத்துக்கு ஒரு ஊர்.

2022-ல் ஹெல்சின்கியின் முறை. நான் அப்போது பக்கத்து எஸ்போவில் வேலையில் இருந்தேன். ரியல் மாட்ரிட்டும் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டும். 1952 ஒலிம்பிக் நடந்த அதே மைதானம். இரவு பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. ஆரம்பத்திலேயே கமாடா தனியாகக் கோல்கீப்பரை நோக்கி ஓடினார், கூர்துவா தடுத்துவிட்டார். அது கோலாகியிருந்தால் கதையே வேறு. அப்புறம் அலபா ஒன்று, பென்செமா ஒன்று, 2-0. பென்செமாவுக்கு அது மாட்ரிட் சட்டையில் 324-வது கோல், முன்னாள் மாட்ரிட் வீரர் ராவுலைத் தாண்டினார். அலபாவுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்த காசெமிரோ அதே மாதம் மான்செஸ்டர் யுனைடெட் போய்விட்டார்.

ஆனால் என் நினைவில் நிற்பது ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்கள்தான். இரண்டு கோல் வாங்கிய பிறகும் உட்காரவே இல்லை. என் பக்கத்து இருக்கைப் பெரியவர், ஃபின்லாந்துக்காரர், ஆட்டத்தை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, நீங்கள் சொல்லுங்கள்.

* * *

வணக்கம் அண்ணா. நான் நோர்வேயில், துரொன்ஹெய்முக்குக் கிட்ட இருக்கிறன். 2016-ல் லெர்கென்டால் மைதானத்தில் ரியல் மாட்ரிட் – செவிய்யா ஆட்டம். டிக்கெட் எடுத்ததே மகனுக்காகத்தான். அவனுக்கு ரொனால்டோ என்றால் உயிர். ஆனால் யூரோ இறுதியாட்டத்தில் முழங்காலில் பட்ட அடி ஆறாமல் ரொனால்டோ இறங்கவில்லை, மற்ற நட்சத்திரம் பேலும் இல்லை. பெடியன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தான்.

பிறகு 21-வது நிமிஷம். அசென்சியோ என்று ஒரு இளம் பெடியன், தூரத்திலேயே நின்று இடக்காலால் அடித்தான் பாருங்கோ, பந்து வளைஞ்சு மேல் மூலைக்குள்ளே போச்சுது. மகன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இது ஆரப்பா?" என்றான். அதுக்குப் பிறகு ரொனால்டோ பேச்சே இல்லை.

செவிய்யா இரண்டு அடித்து 2-1 என்று முன்னுக்கு நின்றது. முன்வரிசையில் இருந்த குடும்பம் வாகன நெரிசலுக்குப் பயந்து எழும்பிப் போயிட்டுது. 93-வது நிமிஷம் ராமோஸ் தலையால் அடித்தார்! 2014-ல் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் செய்த அதே வேலை. கூடுதல் நேரத்தில், 119-ல், கார்வஹால் வலப்பக்கத்தால் ஓடி வந்து ஆட்களை வெட்டி உள்ளே போய் முடித்தார். 3-2. அந்தக் குடும்பம் காருக்குள்ளே வானொலி கேட்டிருக்குமோ தெரியாது.

* * *

செவிய்யா பேர் வந்ததால் நானும் எழுதுகிறேன். எனக்கு அந்த அணிதான் பிடிக்கும். பரிதாபப்பட விரும்புபவர்கள் வரிசையில் வரலாம். இந்தக் கோப்பைக்காக ஏழு முறை ஆடி, 2006-ல் பார்சிலோனாவை 3-0 என்று அடித்தது மட்டும்தான் வெற்றி. 2007, 2014, 2015, 2016, 2020, 2023 எல்லாமே தோல்வி.

இதில் பார்சிலோனாவோடு மோதிய 2015-ஐ நேரில் பார்த்தேன். ஜார்ஜியாவின் திபிலிசியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலம். இரவு 10.45-க்கு ஆட்டம். மூன்றாவது நிமிஷமே பனேகா ஃப்ரீ கிக்கில் கோல். நான் கத்தி முடிப்பதற்குள் மெஸ்ஸி ஒரு ஃப்ரீ கிக், மூச்சு வாங்குவதற்குள் இன்னொன்று. பதினைந்து நிமிஷத்தில் ஃப்ரீ கிக்கிலேயே மூன்று கோல், இனி எங்கே பார்க்கப் போகிறேன்! 4-1 ஆனதும் என்னோடு வந்த பார்சிலோனா பக்தர்கள் செல்ஃபி எடுக்கப் போய்விட்டார்கள். பிறகு எங்கள் ரெயெஸ், கமெய்ரோ, 81-ல் கொனோப்லியங்கா. 4-4. செல்ஃபிக்காரர்கள் முகத்தைப் பார்த்தேனே, அதற்காகவே அந்தப் பணம் தகும்.

முடிவு உங்களுக்குத் தெரியும். 115-வது நிமிஷம் மெஸ்ஸியின் ஃப்ரீ கிக் தடுப்புச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மறுபடி அடித்தார், எங்கள் கோல்கீப்பர் பெட்டோ தட்டிவிட்டார், பெட்ரோ உள்ளே தள்ளினார். மாற்று ஆட்டக்காரராக வந்தவர் பெட்ரோ. அடுத்த வாரமே செல்சிக்குப் போய்விட்டார். எங்களுக்கு எதிராக அந்த ஒரு இரவு மட்டும் அவர் ஆடாமல் இருந்திருக்கலாம்.

* * *

எல்லாரும் புகழ்கிறீர்கள், ஒருவனாவது எதிர்த்துப் பேச வேண்டாமா? 1972-ல் இந்த யோசனையைச் சொன்னது டி டெலிகிராஃப் என்ற டச்சுப் பத்திரிகையின் நிருபர் அன்டன் விட்காம்ப். டச்சு அணியான அயாக்ஸ்தான் ஐரோப்பாவிலேயே சிறந்த அணி என்று நிரூபிக்க ஒரு போட்டி வேண்டியிருந்தது. எதிரணியான ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அப்போது தடையில் இருந்ததால், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா முதல் போட்டியை ஏற்கவே இல்லை. அடுத்த ஆண்டு அயாக்ஸ், மிலானிடம் வெளியூரில் 0-1 தோற்று, சொந்த ஊரில் 6-0 என்று திருப்பிக் கொடுத்தது. இரண்டு ஆட்டம், இரண்டு ஊர். பழிவாங்க ஒரு வாய்ப்பு. அதுதான் போட்டி. இப்போது கூடுதல் நேரத்தைக்கூட எடுத்துவிட்டார்கள், 90 நிமிஷம் முடிந்ததும் நேராக பெனால்டி. மேலே சொன்ன திபிலிசியும் துரொன்ஹெய்மும் இன்றைய விதியில் நடந்திருந்தால் கார்வஹாலும் இல்லை, பெட்ரோவும் இல்லை.

* * *

அதிலென்ன அண்ணே குறை? 2025-ல் இத்தாலியின் உடினேயில் டாட்டன்ஹாம், பாரிஸ் அணிக்கு எதிராக 85-வது நிமிஷம் வரை 2-0 என்று முன்னால் நின்றது. லீ காங்-இன் ஒன்று, 94-ல் கொன்சாலோ ராமோஸ் ஒன்று, பெனால்டியில் கோப்பை பாரிஸுக்கு. கூடுதல் நேரம் இல்லாமலே நெஞ்சு அடைத்தது.

நான் நேரில் பார்த்ததில்லை, சென்னையில் டிவிதான். இஸ்தான்புல், 2019: நம்ம நேரம் இரவு பன்னிரண்டரை, சுதந்திர தினம் பிறந்தாயிற்று. லிவர்பூல் – செல்சி, 2-2. லிவர்பூல் கோல்கீப்பர் அலிசனுக்கு அடிபட்டதால் கோலில் அட்ரியன். அவர் அணியில் சேர்ந்தே பத்து நாள் ஆகவில்லை. செல்சியின் ஏப்ரஹாம் அடித்த கடைசி பெனால்டியைக் காலால் தடுத்துவிட்டார். நடுவர் ஸ்டெஃபனி ஃப்ராப்பார். ஆண்களின் பெரிய ஐரோப்பிய ஆட்டத்தில் விசில் ஊதிய முதல் பெண். தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "பொண்ணா?" என்று எழுந்து உட்கார்ந்தவர், விதி ஒன்றும் தெரியாமலே பெனால்டி முடியும் வரை பார்த்தார்.

* * *

எழுதிய எல்லோருக்கும் நன்றி. 2026 ஆட்டத்துக்கு யூஃபா ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மியூனிக்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தப் பக்கம் இருப்பவர்கள், ஆட்டம் முடிந்தபின் திரும்ப ரயில் கிடைக்குமா என்று கொஞ்சம் சொல்லுங்கள்.