மார்க்கஸை உதைத்தவன் மேல் பரிதாபம் வருகிறது, தப்பா?

தறிக்காரர்மகன்:
2018-ல் வந்த ‘டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்’ வீடியோ கேமை இப்போதுதான் விளையாடுகிறேன். கதை 2038-ல். மார்க்கஸ் ஓர் ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ ரோபோ. பெயின்ட் வாங்கப் போகும் அவனை, ஆண்ட்ராய்டுகளால் வேலை போனவர்கள் தள்ளிவிட்டு உதைக்கிறார்கள். எனக்கென்னவோ உதைத்தவன் முகம்தான் மனதில் நின்றது. சேலம் அம்மாப்பேட்டையில் அப்பா குழித்தறியில் உட்கார்ந்து கையால் நெய்தவர். விசைத்தறி வந்த பிறகு வாட்ச்மேன் வேலை. காலிக் குழியில் இப்போது பழைய சைக்கிள் கிடக்கிறது. யாருக்காவது இப்படித் தோன்றியதா?

செவ்வாய்ப்பேட்டை:
தோன்றியது தம்பி. ஆனால் விசைத்தறி “என்னை விடு” என்று கேட்பதில்லையே! மார்க்கஸ் கேட்கிறான். அங்கே வரும் போலீஸ்காரரைக் கவனித்தாயா? பொருளைச் சேதப்படுத்தினால் அபராதம் என்கிறார், அவ்வளவுதான்.

ஏற்காட்டுக்காரி:
பேருந்தில் ஆண்ட்ராய்டுகள் பின்னால் தனியாக நிற்பதைப் பாருங்கள். எனக்கு அங்கேயே தொண்டை அடைத்தது. அவற்றைச் செய்து விற்ற சைபர்லைஃப் கம்பெனியை ஒருத்தரும் உதைக்கவில்லை, பாருங்கள்.

தறிக்காரர்மகன்:
அட, ஆமாம் அக்கா. ராத்திரி அப்பாவை உட்காரவைத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டுகிறேன். கரண்ட் இருந்தால்.