வெர்வெட் குரங்குகளின் எச்சரிக்கைக் குரல், பக்கத்து ஜெனரேட்டர், வரப்போகும் தீபாவளி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஓடைக்கரை வீடு (டர்பன்):

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் சரிவு, புதர்க்காடு, கீழே ஓர் ஓடை. அங்கே ஒரு வெர்வெட் குரங்குக் கூட்டம் நிரந்தரமாக இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், சமையல்கட்டு ஜன்னல் திறந்திருந்தால் ரொட்டி பாக்கெட் போய்விடும். அதைப் பற்றிப் புகார் சொல்ல வரவில்லை. எனக்கு அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடிக்கும், என் மகளுக்கு அதைவிடப் பிடிக்கும்.

அவள்தான் கவனித்துச் சொன்னாள், பக்கத்து வீட்டு நாய் அவிழ்ந்து வந்தால் குரங்குகள் போடும் சத்தம் வேறு, மேலே பெரிய கழுகு வட்டமிட்டால் போடும் சத்தம் வேறு என்று. நானும் பார்த்தேன், நாய்க்குக் கத்தினால் எல்லாம் மரத்தில் ஏறுகின்றன, கழுகுக்குக் கத்தினால் மரத்தில் இருப்பவைகூட இறங்கிப் புதருக்குள் பாய்கின்றன. இது உண்மையிலேயே தனித்தனிக் குரல்தானா, இல்லை நாங்களாகக் கற்பனை செய்துகொள்கிறோமா?

இரண்டாவது விஷயம்தான் என்னை உறுத்துகிறது. மேல்மனையில் கட்டட வேலை நடக்கிறது, காலையிலிருந்து சாயங்காலம் வரை டீசல் ஜெனரேட்டர் ஓடுகிறது. அது ஓடும்போது இந்தக் குரங்குகள் நிம்மதியாகத் தின்பதில்லை. மதில் மேல் ஒரு தாய், வயிற்றில் குட்டி கவ்விக்கொண்டிருக்கிறது, கையில் பிஞ்சு மாங்காய். ஒரு கடி கடிக்கும், நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும், திரும்பிச் சரிவைப் பார்க்கும், அப்புறம்தான் அடுத்த கடி. ஜெனரேட்டரை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்காமல் தின்கிறது.

அப்புறம் தீபாவளி வருகிறது. வெடி வேண்டாம் என்று மகள் சொல்ல, வெடி இல்லாமல் என்ன தீபாவளி என்று மாமனார் கேட்க, வீட்டில் தினமும் இதே பேச்சு. விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் புண்ணியமாகப் போகும்.

விலங்கியல் வாத்தியார் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

கற்பனையே இல்லை. உங்கள் மகள் கவனித்தது விலங்கியல் பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். வெர்வெட் குரங்கு ஆபத்துக்கு ஏற்றபடி குரலை மாற்றுகிறது என்று 1967-இலேயே ஸ்ட்ரூசேக்கர் என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார். 1980-இல் சீஃபார்த், செனி, மார்லர் என்ற மூவரும் கென்யாவின் அம்போசெலியில் அதைச் சோதித்தார்கள். சிறுத்தையோ கழுகோ பாம்போ எதுவுமே இல்லாத நேரத்தில், புதரில் ஒலிபெருக்கியை மறைத்து வைத்துப் பழைய பதிவுகளைப் போட்டார்கள். சிறுத்தைக் குரலுக்கு மரமேறின, கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்துப் புதருக்குள் ஓடின, பாம்புக் குரலுக்குப் பின்னங்கால்களில் நின்று சுற்றிலும் தரையைத் துழாவின. விலங்கைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டே இவ்வளவும் செய்தன என்பதுதான் அதில் முக்கியம்.

குட்டிகள் இதைப் பழகிப் பழகித்தான் சரிசெய்கின்றன. காற்றில் விழும் இலைக்குக்கூடக் கழுகுக் குரல் கொடுக்கும் குட்டி உண்டு. பெரியவை அண்ணாந்து பார்க்கும், ஒன்றுமில்லை என்றால் பேசாமல் வேலையைப் பார்க்கும், நிஜமாகவே கழுகு என்றால் தாங்களும் குரல் கொடுக்கும். குட்டிக்கு அதுதான் பாடம். செனகலில் இவற்றுக்கு நெருங்கிய உறவான பச்சைக் குரங்குகளின் தலைக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டுப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. அதுவரை கேட்டிராத அந்தப் பொருளுக்கு அவை கொடுத்த குரல், கிழக்கு ஆப்பிரிக்க வெர்வெட்டுகளின் கழுகுக் குரலை ஒத்திருந்தது. இரண்டு இனமும் பிரிந்து சுமார் 35 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன!

உங்கள் ஊரில் கழுகுப் பயம் சும்மா இல்லை. டிமாஸ் என்று நகராட்சி காத்து வைத்திருக்கிற பசுமைப் பட்டைகளில் கிரௌன்ட் ஈகிள் கூடு கட்டுகிறது, அது குரங்கை அடித்துத் தூக்கக்கூடிய பறவை. அந்தத் தாய் வானத்தைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

சரி, ஜெனரேட்டர். இதில் நிறையப் பேர் சத்தம் என்றாலே பயமுறுத்துவது என்று மட்டும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய கெடுதல், கேட்க வேண்டியதைக் கேட்க விடாமல் மூடிவிடுவது. திறந்தவெளியில் பின்னணி இரைச்சல் 6 டெசிபல் கூடினால், ஒரு குரல் எட்டும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தூரம் பாதி என்றால் பரப்பு நாலில் ஒன்று. கூட்டத்தில் ஓரமாக மேய்கிற குரங்கு மற்றவற்றின் எச்சரிக்கையைக் காதால் வாங்க முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. காது கைவிட்டால் கண்தானே வேலை செய்ய வேண்டும், அதனால்தான் ஒரு கடிக்கு ஒரு பார்வை. இங்கிலாந்தில் சாஃபிஞ்ச் என்ற சின்னப் பறவையை வைத்து 2006-இல் வெளிவந்த ஆய்விலும் இதேதான், இரைச்சல் போட்டால் கொத்துவது குறைந்தது, தலைதூக்கிப் பார்ப்பது கூடியது. பார்த்துக்கொண்டே இருந்தால் தின்பது எப்போது? பால் கொடுக்கும் தாய்க்கு அந்த நஷ்டம் நாள்பட நாள்பட ஏறும்.

மோபானி நிழல் (ஹூட்ஸ்புரூட்):

வாத்தியார் சொன்னதற்கு நம் தென்னாப்பிரிக்காவிலேயே நேரடிச் சான்று இருக்கிறது. நான் வேலை செய்கிற லிம்போப்போ மாகாணத்தில்தான் குள்ளக் கீரிகளை ராட்ஃபோர்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் ரொம்ப நாளாக ஆராய்கிறார்கள். கூட்டம் மண்ணைக் கிளறித் தின்னும்போது ஒரு கீரி கரையான் புற்றின் மேல் ஏறிக் காவல் நிற்கும், நிற்கிற நேரமெல்லாம் மெல்லிசாக ஒரு குரல் விட்டுக்கொண்டே இருக்கும், ‘நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தின்னுங்கள்’ என்கிற மாதிரி. அந்தக் குரல் கேட்கிறவரை கீழே உள்ளவை தலையைத் தூக்குவது குறைவு. சாலை இரைச்சலைப் பதிவு செய்து அங்கே போட்டபோது, காவல் குரல் இருந்தும் பயனில்லை, ஒவ்வொன்றும் தனக்குத் தானே காவல் பார்க்க ஆரம்பித்தது. உங்கள் மதில் மேல் நடப்பது அப்படியே இதுதான்.

இதைவிட எனக்கு ஆச்சரியம் என்னவென்றால் அதே கீரிகளிடம் நடந்த இன்னொரு சோதனை. வேட்டை விலங்கின் எச்சத்தை வைத்துப் பார்த்தார்கள். அது மூக்கு சம்பந்தப்பட்டது, காதுக்கு அதில் வேலையே இல்லை. ஆனாலும் சாலை இரைச்சல் ஓடும்போது எச்சத்தை மோந்து சுதாரிப்பது தாமதமாகிவிட்டது. கவனமே சிதறிவிடுகிறது.

குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய காடுகளில் நடந்த ஒரு சோதனை 2023-இல் வெளிவந்தது. தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளுக்கு சிங்கத்தின் உறுமலையும், மனிதர்கள் சாதாரணமாகப் பேசும் பேச்சையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். கத்தலோ சண்டையோ இல்லை, வெறும் பேச்சு. சிங்கத்துக்கு ஓடியதைவிட மனிதப் பேச்சுக்கு ஓடும் வாய்ப்பு இரண்டு மடங்கு. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, சிறுத்தை எல்லாம் ஓடின. அந்தக் கட்டுரையைப் படித்ததிலிருந்து வண்டியில் வரும் விருந்தினர்களிடம் குளக்கரையில் வாயே திறக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

கரிச்சான் குருவி எல்லோருக்கும் தெரியும்தானே, அதன் ஆப்பிரிக்கச் சொந்தக்காரன் கலஹாரியில் பொய் எச்சரிக்கை கொடுத்து மீர்கேட் என்ற கீரி வகையை விரட்டிவிட்டு அது போட்டுவிட்டு ஓடும் புழுவைத் தின்கிறது. ஒரே பொய்யைத் திரும்பச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று வேறு பறவைகளின் குரலையும் மீர்கேட்டின் குரலையும் மாற்றி மாற்றிப் போடும்! நேரம் கிடைத்தால் அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அல்கோவா அலை (கெபெர்ஹா):

நிலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், கடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகும், காற்றில் 340தான். அதனால் கப்பல் சத்தம் கடலுக்குள் எங்கெங்கோ பரவும். நான் துறைமுக வேலையில் இருப்பவன், கப்பல் இல்லாமல் என் வீட்டு அடுப்பு எரியாது, ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் அல்கோவா விரிகுடாவில் செயின்ட் குரோய் என்று ஒரு தீவு, ஆப்பிரிக்க பென்குயின்களின் உலகத்திலேயே பெரிய குடியிருப்பாக இருந்த இடம். 2016-இல் கடலிலேயே கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் நிரப்பும் வேலை இங்கே தொடங்கியது, நீருக்கடி இரைச்சல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அந்தத் தீவின் பென்குயின்கள் 85 சதவீதம் குறைந்துவிட்டன. மத்தியும் நெத்திலியும் குறைந்ததும் பெரிய காரணம், இரைச்சல் ஒன்றின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. ஆனால் இரை கிடைப்பதே கஷ்டமான காலத்தில் இரை தேடும் இடத்தில் இயந்திர இரைச்சலையும் சேர்த்தால் எப்படித் தாங்கும்? 2024-இல் அந்தப் பென்குயினை அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று அறிவித்துவிட்டார்கள்.

வாத்தியாரின் 6 டெசிபல் கணக்கைப் பார்த்ததும் எனக்கு ஃபண்டி விரிகுடா ஞாபகம் வந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கனடாவின் அந்தக் கடலில் கப்பல் போக்குவரத்து குறைந்தது, நீருக்கடி இரைச்சல் சரியாக 6 டெசிபல் இறங்கியது. அதே சமயம் அங்கே ரைட் திமிங்கலங்களின் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள், அதில் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. அமைதி கிடைத்தால் உடம்பு உடனே அதைக் காட்டுகிறது.

இன்னொன்று, இது நம்மால் எதுவும் ஆகாத விஷயம் இல்லை. நம் கிழக்குக் கரையில் இருக்கிற வைல்டு கோஸ்ட்டில் எண்ணெய் தேடுவதற்காக ஷெல் நிறுவனம் கடலுக்குள் காற்றுத்துப்பாக்கி (அழுத்திய காற்றை வெடிக்கவிட்டுப் பெரிய ஒலி எழுப்பும் கருவி) வெடிக்க வந்தபோது, கரையோரக் கிராமத்து மக்கள் மக்காண்டா உயர்நீதிமன்றத்துக்குப் போய் 2021 டிசம்பர் 28-இல் தடை வாங்கினார்கள். அவர்களிடம் பெரிய பணம் இல்லை. கடல் தங்களுக்கு யார் என்று நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னார்கள்.

பழைய வீட்டு ஆயா (சாட்ஸ்வொர்த்):

தம்பி, வெடி விஷயத்தை நான் சொல்கிறேன், எழுபதைத் தாண்டியவள். எங்கள் தீபாவளி எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, விளக்கு வைப்பது, தட்டு நிறையப் பலகாரம் எடுத்துக்கொண்டு தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுப்பது, முஸ்லிம் வீடு கிறிஸ்தவர் வீடு ஸூலு வீடு என்று பார்க்காமல் கொடுப்பது. மத்தாப்பும் சங்குசக்கரமும் பிள்ளைகளுக்கு. வெடிகுண்டு மாதிரி அதிர்கிற வெடி எல்லாம் பிறகு வந்தது. ஒவ்வொரு வருஷமும் நாய் ஓடிப்போய் ரோட்டில் அடிபட்டது என்று கேட்கும்போது மனசு பொறுக்கவில்லை. உன் மாமனாரிடம் என் பெயரைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்லு, லட்சுமி விளக்கைப் பார்த்துத்தான் வருவாள்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு: பகலிலேயே நன்றாக நடக்க வைத்துவிடுங்கள், இருட்டுமுன் உள்ளே கொண்டுவந்து திரைச்சீலை போட்டு ரேடியோ வையுங்கள், சங்கிலியில் கட்டாதீர்கள், மிகவும் நடுங்கும் நாய் என்றால் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள்.

கொல்லுக்குடி மண் (ஜோகன்னஸ்பர்க்):

ஆயா சொன்னதற்கு ஒரு சேதி. எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, பக்கத்துக் கொல்லுக்குடிப்பட்டி ஜனங்கள் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த மாதங்களில்தான் நாரையும் கொக்கும் கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும், சத்தத்தில் பறந்துவிட்டால் முட்டையும் குஞ்சும் போச்சு. யாரும் வற்புறுத்தவில்லை, ஊராகப் பேசி வைத்த கட்டுப்பாடு. பிள்ளைகளுக்கு வனத்துறை இனிப்பு கொடுக்கும். எந்தக் கொண்டாட்டமும் குறையவில்லை.

நெதர்லாந்தில் புத்தாண்டு நள்ளிரவு வெடி ஆரம்பித்ததும் ஆயிரக்கணக்கான பறவைகள் இருட்டில் 500 மீட்டர் உயரம் வரை எழும்பியதை மழை ராடாரில் பார்த்திருக்கிறார்கள், 2011-இல் வந்த ஆய்வு. மாமனாருக்கு இதையும் காட்டுங்கள்.

ஓடைக்கரை வீடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வேட்டங்குடி கதையை மாமனார் இரண்டு தடவை படிக்கச் சொன்னார், பெரிய வெடி வேண்டாம், மத்தாப்பும் புஸ்வாணமும் மட்டும், அதுவும் எட்டு மணிக்குள் என்று அவரே சொல்லிவிட்டார். ஆயாவுக்கு என் வணக்கம். கட்டட மேஸ்திரியிடமும் பேசினேன், ஜெனரேட்டரைச் சரிவுப் பக்கத்திலிருந்து ரோட்டுப் பக்கம் கன்டெய்னருக்குப் பின்னால் மாற்றுவதாகச் சொல்கிறார், பார்ப்போம்.

மகளுக்கு ஒரே ஆசை, கழுகுக் குரலைப் போனில் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டு, அம்போசெலியில் செய்த மாதிரி பார்க்க வேண்டும் என்று. செய்யலாமா?

விலங்கியல் வாத்தியார்:

பதிவு செய்யட்டும், திரும்பப் போட வேண்டாம். காரணம் இருக்கிறது. செனியும் சீஃபார்த்தும் ஒரே குரங்கின் பொய்க் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டபோது, மற்றவை அந்தக் குரங்கை நம்புவதையே குறைத்துக்கொண்டன. உங்கள் சரிவில் நிஜமாகவே கழுகு வரும்போது அப்படி ஆகிவிடக் கூடாது, குட்டிகள் வேறு இருக்கின்றன.

அதற்குப் பதில் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: தேதி, நேரம், என்ன குரல், எதைப் பார்த்து, ஜெனரேட்டர் ஓடியதா இல்லையா. மேஸ்திரி இடம் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்தத் தாய்க் குரங்கு ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை தலை தூக்குகிறது என்றும் எண்ணட்டும். மாங்காய் சீசன் முடிந்ததும் நோட்டைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் அவளோடு சேர்ந்து கணக்குப் பார்க்கிறேன்.