ஜின், லீமாவ் கஸ்தூரி, புதினா: கசப்பை எப்படி நீக்குவது?

வணக்கம் நண்பர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை அத்தானுக்கு 50வது பிறந்தநாள். பெரியவர்கள் 8 பேருக்கு ஜின் காக்டெயில் என் கையாலேயே செய்து கொடுக்க ஆசை.

ஒரு கிளாசுக்கு ஜின் 50 மில்லி, லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை மாதிரிப் பழம்) சாறு 25 மில்லி, சீனிப்பாகு 20 மில்லி. தொட்டியில் வளர்த்த புதினாவில் 8 இலையை நசுக்கிப் போட்டு, ஐஸோடு குலுக்கி வடிகட்டி, மேலே சோடா ஊற்றினேன். வாசனை அருமை! ஆனால் தொண்டையில் ஒரு கசப்பு நிற்கிறது. மறுமுறை புதினாவை நசுக்காமல் உள்ளங்கையில் வைத்து லேசாகத் தட்டிப் போட்டேன், பாதி குறைந்தது. மீதிக் கசப்பு பழத்தோலிலிருந்தா, நசுங்கிய விதையிலிருந்தா? பழத்தைத் தோலோடுதான் அழுத்திப் பிழிகிறேன். சோடாவுக்குப் பதில் டோனிக் வாட்டர் வேண்டாம், அதில் குவினைன் கசப்பு வேறு இருக்கிறது.

அப்புறம், சாற்றைக் காலையிலேயே பிழிந்து வைத்தால் இரவுக்குள் சுவை மாறுமா? துளசி எங்கள் வீட்டில் சாமிக்கு, அதைத் தொடமாட்டேன். பாகில் செராய் (எலுமிச்சைப்புல்) தண்டைக் கொதிக்க வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால், எத்தனை தண்டு, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை இரவு ஒருமுறை செய்து பார்த்துவிடுவேன்.