1÷2π√9.8: இரண்டு கால்குலேட்டர், இரண்டு விடை, இரண்டுமே தப்பு

கரும்பலகை:
வகுப்பில் ஒரு மீட்டர் நீளத் தனிஊசலின் அதிர்வெண் கணக்கு (9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம்). பலகையில் 1 பின்னக்கோட்டுக்கு மேலே, 2π கீழே, √9.8 பக்கத்தில் தனியாக. மாணவர்கள் அதை 1÷2π√9.8 என்று ஒரே வரியில் அடிக்கிறார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் டிஐ-84 பிளஸ் 4.917 காட்டுகிறது, கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 0.0508. சரியான விடை 0.498 ஹெர்ட்ஸ். எந்தக் கருவியைக் குறை சொல்வது?

அடைப்புக்குறி:
இரண்டையும் சொல்ல முடியாது சார். டிஐ-84-க்கு, எழுதாமல் விட்ட பெருக்கல் குறியும் எழுதியதும் ஒன்றுதான். இடமிருந்து வலமாகப் போய் 1-ஐ 2-ஆல் வகுத்து, π-ஆல் பெருக்கி, வர்க்கமூலத்தாலும் பெருக்கிவிடும். கேசியோவில் குறி இல்லாத பெருக்கலுக்கு வகுத்தலைவிட முன்னுரிமை. அதனால் 2π√9.8 முழுசும் பகுதிக்குள், அதாவது பின்னக்கோட்டுக்குக் கீழே, போய்விடுகிறது. ஒரே கம்பெனிக்குள்ளேயே இந்த விதி மாறியிருக்கிறது: டிஐ-82 கேசியோ மாதிரிக் கணக்கிடும், டிஐ-83-இலிருந்து இப்போதைய முறை.

1÷(2π)×√9.8 என்று அடித்தால் இரண்டிலும் 0.498 வரும். பெருக்கல் குறியை விடக்கூடாது.

மூலைவிட்டம்:
அடைப்புக்குறி பாதி மருந்துதான். மாணவர்கள் பலகையில் பார்ப்பது பின்னம். அதைப் பின்னமாகவே அடிக்கப் பழக்குங்கள். டிஐ-84-இல் மேத்பிரிண்ட் (புத்தகத்தில் உள்ளபடியே காட்டும்) முறையில் ஆல்ஃபா, பிறகு மேல்வரிசை இடதுகோடிப் பொத்தான், மெனுவில் முதலில் இருக்கும் பின்ன வார்ப்பு. கேசியோவில் இன்புட் மோடை மேத் என்று வைத்துப் பின்னப் பொத்தான். பகுதியில் 2π போட்டதும் வலது அம்புக்குறியை அழுத்தி வெளியே வந்த பிறகே மூலம். அந்த ஒரு அழுத்தல்தான் எல்லாரும் மறப்பது! டெஸ்மோஸ் என்ற இணையக் கால்குலேட்டரிலும் இதே கதை: சாய்கோடு போட்டதும் அது பின்னமாகிவிடும், வெளியே வராமல் அடித்தால் மூலமும் பகுதிக்குள் விழுந்து அதே 0.0508.

கரும்பலகை:
நன்றி. அப்படியே −3² பற்றியும் சொல்லுங்கள். ஒரு மாணவிக்கு 1 என்று வந்திருக்கிறது!

அடைப்புக்குறி:
முந்தைய விடை 10-ஆக இருந்திருக்கும். டிஐ-84-இல் எதிர்க்குறிப் பொத்தான் வேறு, கழித்தல் பொத்தான் வேறு. வரித் தொடக்கத்தில் கழித்தலை அழுத்தினால் முந்தைய விடையை எடுத்துக்கொள்ளும்: 10−9=1. சரியான பொத்தானில் −9 வரும், ஏனென்றால் வர்க்கம் முதலில், எதிர்க்குறி பிறகு. ஆனால் எக்ஸெலில் =-3^2 என்றால் 9. கால்குலேட்டரில் X என்ற நினைவகத்தில் −3-ஐச் சேமித்து வர்க்கப்படுத்தினாலும் 9-தான், ஆனால் அது நியாயம்: அங்கே −3 முழுசாக ஒரே எண்.

மூலைவிட்டம்:
வினாத்தாளில் ஒரே வரிச் சாய்கோடே வேண்டாம். அளவுகளையும் அலகுகளையும் எழுதும் முறைக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 80000-1-ஏ, அடைப்புக்குறி இல்லாமல் சாய்கோட்டுக்குப் பின் அதே வரியில் பெருக்கல், வகுத்தல் குறி வரக்கூடாது என்கிறது. கிடைக்கோடு போட்டு அச்சிட்டால் பாதித் தகராறு அங்கேயே தீரும்.