விழுந்தால் தகவல் சொல்லும் வாட்ச்: நம் பெரியவர்களுக்கு உதவுமா?

ராயபுரத்தான்:
அம்மாவுக்கு 72 வயது. காசிமேட்டில் மீன் விற்றவர். கீழே விழுந்தால் என் போனுக்குத் தகவல் அனுப்பும் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன். அவர் தரையில் சட்டென்று உட்கார்ந்தாலே அலாரம் வருகிறது. மூன்றாம் நாள் அதைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டார். முதுமைக்கான தொழில்நுட்ப ஆராய்ச்சிக்குக் கொட்டும் பணத்தில் வீட்டுக்கு வீடு பாத்ரூம் சுவரில் கைப்பிடி பதித்துத் தரலாம்.

கொருக்குப்பேட்டை மகள்:
கைப்பிடி வேண்டாம் என்று யார் சொன்னது அண்ணா? என் அப்பா ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். விடிந்து, தண்ணீர் கேன் போடும் பையன் கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது. எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அத்தனை மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடந்ததில் தசை சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. விழுந்ததைவிட, விழுந்து கிடந்ததுதான் அவரைப் படுக்கையில் தள்ளியது. கைப்பிடி யாரையும் கூப்பிடாதே.

உங்கள் வாட்ச் ஏன் தப்பாக அடிக்கிறது? சட்டென்று கீழே இறங்குவது, தரையில் மோதுவது, பிறகு அசையாமல் கிடப்பது: இவற்றைத்தான் அதிலுள்ள உணரி (சென்சார்) கவனிக்கிறது. ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் இளைஞர்களை மெத்தையில் விழச் சொல்லித்தான் இதற்கான தரவைச் சேர்க்கிறார்கள். குந்தி உட்கார்ந்து மீன் அரியும் ஒரு அம்மா அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்? அதனால்தான் நம் ஆட்களை வைத்து ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்கிறேன்.

ராயபுரத்தான்:
அப்பா இப்போது எப்படி இருக்கிறார் சகோதரி? படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொல்கிறேன். எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை. அலாரம் வந்தாலும் நான் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை ஓடிவந்து தூக்கப்போவது எதிர்வீட்டு அக்காதான்.

பெரம்பூர் நர்ஸ்:
இரண்டு பேரும் விழுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பார்க்கும் வீடுகளில் பல பெரியவர்களுக்குக் காது கேட்பதில்லை. மெல்ல மெல்லப் பேச்சையே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் மூன்று ஆண்டுகள் நடத்திய ஆய்வு ஒன்று 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்குக் காது கருவியும் பயிற்சியும் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால், மற்றவர்களைவிட அவர்கள் மூளைத்திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மூளைத்திறன் குறையும் ஆபத்து அதிகம் இருந்த பிரிவில் அந்தச் சரிவு 48 சதவீதம் மெதுவானது. இதுவும் தொழில்நுட்பம்தான் அண்ணா. யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்பதை ஆராய்ச்சி செய்யாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

கொருக்குப்பேட்டை மகள்:
அப்பாவுக்கு டயாலிசிஸ் போய்க்கொண்டிருக்கிறது அண்ணா. எதிர்வீட்டு அக்கா போனுக்கும் அலாரம் போகிற மாதிரி வைக்கலாமே. கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் மருத்துவமனை போன்ற இடங்கள் காசிமேட்டுக்கும் வியாசர்பாடிக்கும் வந்து நம் பெரியவர்கள் உட்காருவதையும் எழுவதையும் அளக்க வேண்டும். நாமும் போய்க் கேட்க வேண்டும்.

ராயபுரத்தான்:
காது விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. அம்மாவும் இப்போதெல்லாம் டிவியைச் சத்தமாகத்தான் வைக்கிறார். ஆய்வுக்கு ஆள் கேட்டால் அனுப்புகிறேன். எங்கள் வீட்டுத் தரையில் அவர் உட்கார்ந்து எழுவதை வந்து அளக்கட்டும். ஆனால் கைப்பிடிதான் முதலில். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார்.