மறு: டிஸையர் பாத் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பின் நண்பர்களுக்கு,

டிஸையர் பாத் (desire path) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பேர் தேடும் நம் பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> “விருப்பப் பாதை” போதுமே. நேரான மொழிபெயர்ப்பு, யாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். விருப்பப் பாடம், விருப்ப ஓய்வு என்று பழகிய காதுக்கு, விருப்பப் பாதை என்றால் யாரோ நாலு பாதையைக் காட்டி ‘பிடித்ததில் போ’ என்று சொன்ன மாதிரி இருக்கிறது. நாம் பேர் தேடும் பாதையை யாரும் காட்டவில்லை, போடவும் இல்லை. வரைபடத்தில் இருக்கிற பாதையை விட்டுவிட்டு ஆட்கள் நடந்து நடந்து, புல் செத்து, மண் தெரிகிற கோடு அது.

எனக்கு இதில் அவசரம் உண்டு. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளைப் பற்றி ஹட்டனில் ஒரு சின்னக் கண்காட்சி வைக்கிறோம். விளக்கப் பலகைகள் என் பொறுப்பு. அதில் ஒரு பலகை முழுக்க இந்தக் கோடுதான்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு வீட்டுத் திட்டம். ஏழு பேர்ச் காணியில் வரிசையாகத் தனி வீடுகள். ரோட்டுக்கு இறங்க கொங்கிரீட் படி கட்டியிருக்கிறார்கள், இரண்டு முடக்கு திரும்பி இறங்கும். படம் வரைந்தவர் ஆளில்லாத மலையை மனதில் வைத்து வரைந்திருக்க வேண்டும். படியில் பாசி. பக்கத்தில், சவுக்கு மரத்தடியால், ஒன்றரை அடி அகலத்தில் செம்மண் கோடு, வழவழவென்று. டேப் வைத்து அளந்தேன். கோடு படியைவிடக் கிட்டத்தட்ட இருபது அடி நீளம் கூட!

அதனால்தான் “குறுக்குவழி”யையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். (அந்தச் சொல்லில் ஒரு திருட்டு வாடையும் அடிக்கிறது, அது வேறு கதை.) கொழுந்துக் கூடையோடு வந்த அம்மா ஒருவரிடம், படி இருக்கும்போது ஏன் சுற்றிப் போகிறீர்கள் என்று கேட்டேன். ‘படி ஒசரம் தம்பி, முட்டி புடிக்குது. நெழல்ல அட்டை வேற. இங்குட்டுத்தான் தடம் விழுந்திருக்கே, இப்புடியே போங்க’ என்றார். படியின் உயரத்தையும் அளந்தேன். ஒன்பது அங்குலம். ஆறேழு அங்குலத்துக்கு மேல் போனாலே சுமையோடு ஏறுபவருக்குச் சிரமம். ஆக இந்தப் பாதை குறுக்கானதும் இல்லை, விருப்பத்தில் வந்ததும் இல்லை. முட்டிவலியில் வந்தது.

மூலச் சொல்லிலேயே ஒரு குழப்பம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 1950களில் சிகாகோவின் போக்குவரத்து ஆய்வில் டிஸையர் லைன் என்றது நிலத்தில் இருக்கும் பாதையை அல்ல. ஒருவர் புறப்படும் இடத்தையும் போய்ச் சேரும் இடத்தையும் வரைபடத்தில் இணைக்கும் நேர்கோடு அது. அங்கே ‘விருப்பம்’ பொருந்தும், ஏனென்றால் அந்தக் கோட்டில் யாரும் நடக்கவில்லை. ஆங்கிலத்தில் வரைபடக் கோட்டுக்கும் மண் கோட்டுக்கும் ஏறக்குறைய ஒரே பேர் என்பதற்காக நாமும் அப்படியே வைக்க வேண்டுமா? வரைபடக் கோட்டுக்கு ‘நாட்டக்கோடு’ என்று வைத்துவிடலாம். மண்ணில் இருப்பதற்குத் தனிப் பேர் வேண்டும்.

அதே சிகாகோவில் இலினொய் தொழில்நுட்பக் கழக வளாகத்தில், மாணவர்கள் குறுக்கும் நெடுக்குமாக நடந்த கோடுகளையே உள்நடைகளாக வைத்து, கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸ் ஒரு மாணவர் மையம் கட்டினார். 2003இல் திறந்தார்கள். பலகையில் அதன் படமும் வருகிறது. ஆனால் சுற்றிப் போவதிலும் ஒரு கணக்கு உண்டு என்பதற்கு, எங்கள் ஆட்களுக்கு அதைவிட நன்றாக விளங்கும் உதாரணம் தெமோதரை. மலைநாட்டு ரயில் பாதை 44 அடிக்கு ஓர் அடிதான் ஏறலாம் என்ற கணக்கில் போட்டது. அதனால் தெமோதரையில் தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து வந்து, தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. காலுக்கு அந்தக் கணக்கு இல்லை, அதற்கு வேறு கணக்கு: சுமை, வழுக்கல், அட்டை, நாய்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> சங்கத் தமிழில் “அதர்” இருக்கிறதே?

அழகான சொல். ஆனால் பலகைக்குக் கீழே ‘அதர் என்றால் பாதை’ என்று இன்னொரு பலகை மாட்ட வேண்டிவரும். “மிதிவழி” என்றால் மிதிவண்டி ஓடும் வழி என்று படிப்பார்கள், என் தங்கையே அப்படித்தான் படித்தாள். “ஒற்றையடிப் பாதை” அருமைதான், ஆனால் தோட்டத்தில் துரைமார் அளந்து வெட்டிவைத்த ஒற்றையடிப் பாதையும் உண்டே. “தேய்வழி” எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் தேய்வது புல். பாதை நடக்க நடக்க வளர்கிறது. தேய்வழக்கு (சொல்லிச் சொல்லிப் புளித்த தொடர்) என்ற சொல்லும் பக்கத்தில் நின்று இழுக்கிறது.

அந்த அம்மா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. தடம் *விழுந்திருக்கிறது*. யோசித்துப் பாருங்கள், வழுக்கை விழுகிறது, முகத்தில் சுருக்கம் விழுகிறது, நூலில் முடிச்சு விழுகிறது, கூரையில் ஓட்டை விழுகிறது. எதையும் யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. புழங்கப் புழங்கத் தானாக வந்து நிற்கிறது. இந்தக் கருத்துக்காக ஆங்கிலம் ‘டிஸையர்’ என்று நெஞ்சுக்குள் போய்த் தேடுகிறது, தமிழ் ஒரு வினையிலேயே வைத்திருக்கிறது.

எனவே என் முன்மொழிவு: *விழுதடம்*. வினைத்தொகை, அதனால் ஒற்று மிகாது. முன்பு விழுந்ததும், இப்போது விழுந்துகொண்டிருப்பதும், நாளைக்கு விழப்போவதும் அதற்குள் அடங்கும். வடிவமைப்பவருக்கு மூன்றும் வேண்டும், முக்கியமாகக் கடைசி. வினையாகவும் புழங்கலாம்: ‘புல்வெளியில் ஒரு மாதம் பொறுத்திருங்கள், தடம் விழட்டும், அப்புறம் கல் பதிக்கலாம்.’

ஒரு நண்பர் தனிமடலில், ‘விழுதடமா, ஆள் விழும் தடமா?’ என்று கேட்டிருக்கிறார். மே, ஜூன் மழையில் வந்து பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். பகிடி இல்லை. சரிவில் இறங்கும் விழுதடத்தில் காலுக்குப் பின்னால் தண்ணீரும் இறங்கும். இரண்டு மழைக்காலம் போனால் அது தண்ணீர் ஓடும் கான் ஆகிவிடும். மஸ்கெலியாவில் அதை முள்கம்பி போட்டு மறித்தார்கள். நான் போனபோது கம்பிக்கு இந்தப் பக்கம் புதிதாக ஒன்று விழத் தொடங்கியிருந்தது. மறிக்காமல், அதே கோட்டில் ஆறு அங்குலப் படி வெட்டி, தண்ணீரைப் பக்கத்துக்குத் திருப்பியிருக்கலாம். பலகையில் இதையும் படமாகப் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள். ‘விழுபாதை’ என்று மட்டும் யாரும் வராதீர்கள், பாதைக்கு ஏற்கெனவே ரோட்டு வாசம் வந்துவிட்டது.